ஆதிக் களிறும் அழைக்கப்படாத பறவையும்

'ஒரு காட்டில்' என்று இந்தக் கதையைத் தொடங்கினால் அந்தக் காட்டு விலங்குகள் கோபித்துக்கொள்ளும். ஒரு காடு என்றால் இன்னொரு காடும் இருப்பதாக ஆகிவிடும் அல்லவா? அப்படி எதுவும் கிடையாது என்பது அவற்றின் உறுதியான நம்பிக்கை. ஆகவே, பிள்ளைகளே, 'காட்டில்' என்று மட்டும் வைத்துக்கொள்வோம்.

அந்தக் காட்டைச் சுற்றி நாலு பக்கமும் மலை. மலையுச்சியில் எப்போதும் மூடுபனி. பனிக்கு அப்பால் ஒன்றும் இல்லை என்று விலங்குகள் சொல்லும். பருந்து ஒன்று அடிக்கடி பனியைத் தாண்டிப் போய்வந்துகொண்டுதான் இருந்தது. ஆனால் அதனிடம் விவரம் கேட்டுத் தெரிந்துகொண்டவர் யாரும் இல்லை. பக்கத்தில் போய்க் கேட்டவை பதிலோடு திரும்பி வந்ததில்லை.

காட்டின் நடுவே ஒரு சுனை. கோடையில் ஓடைகள் எல்லாம் வற்றிவிடும். சுனை மட்டும் வற்றாது. அதில் தண்ணீர் குடிப்பதற்கு ஒரு முறை இருந்தது.

ஆதியில் பெரிய களிறு ஒன்று நின்று ஒவ்வோர் உயிரின் பெயரையும் பிளிறியதாம். பெயரைக் கேட்ட உயிர் எழுந்து நடந்ததாம். ஆகவே தினமும் மாலையில் உடும்பு சுனைப் பாறையின் உச்சியில் ஏறி நின்று அந்தப் பெயர்களை வரிசையாக அழைக்கும். கடமான் என்று அழைத்தால் கடமான்கள் குடிக்கும். முயல் என்று அழைத்தால் முயல்கள் குடிக்கும். அழைக்கப்படாதது குடிக்கக் கூடாது. அதற்கு யாரும் தண்ணீர் கொடுக்கவும் கூடாது. கொடுத்தால், கொடுத்தவரின் பெயரும் அழைப்பிலிருந்து நீங்கிவிடும்.

இந்தத் திருப்பணிக்காகத் தரையில் முட்டையிடும் பறவைகள் எல்லாம் உடும்புக்கு ஆளுக்கொரு முட்டை வைத்துவிட்டுப் போகும். உடும்புப் பிடி எப்படிப்பட்டது என்று உங்களுக்குத் தெரியும். முட்டை விஷயத்தில் அது இன்னும் கொஞ்சம் இறுக்கம்.

அந்தக் காட்டில் யானையே கிடையாது. எந்தக் காலத்திலும் இருந்ததில்லை. யாரும் பார்க்காததால் எல்லாருக்கும் அதைப் பற்றி எல்லாம் தெரிந்திருந்தது.

களிறு தும்பிக்கையைத் தூக்கிக்கொண்டு பிளிறியது என்றவை மேல்கரையில் குடித்தன. அவற்றுக்கு உடும்பு தலைவர். தும்பிக்கையைத் தொங்கவிட்டுக்கொண்டு பிளிறியது என்றவை கீழ்கரையில் குடித்தன. அவற்றுக்குக் கடமான் தலைவர். உடும்பு அழைத்து முடித்ததும் கடமான் தலையைத் தாழ்த்திக்கொண்டு அதே பெயர்களை இன்னொரு முறை அழைக்கும். மேல்கரை முயல் கீழ்கரை முயலுக்குப் பெண் கொடுக்காது.

இரண்டு கரையிலும் சேராதது முள்ளம்பன்றி மட்டும். "களிறும் இல்லை, தும்பிக்கையும் இல்லை. மூக்கால் தண்ணீர் உறிஞ்சும் பிராணியை எவனாவது நம்புவானா?" என்று அது கேட்கும்.

"அப்படியானால் முள்ளம்பன்றி என்று அழைக்கும்போது மட்டும் சரியாக வந்து நிற்கிறாயே?" என்று கடமான் கேட்கும்.

"தாகம் இருக்கிறது. அதை நான் பார்த்திருக்கிறேன்" என்று சொல்லிவிட்டு அது குடிக்கப் போகும்.

இப்படி இருக்கையில் ஒரு கோடையில் மழையில்லாத புயல் ஒன்று மலையைத் தாண்டி வந்தது. விடிந்து பார்த்தபோது சுனைக்குச் சற்றுத் தள்ளி ஒரு வெள்ளைப் பறவை கிடந்தது. தலையில் கறுப்புத் தொப்பி வைத்தாற்போல ஒரு பட்டை. கூர்மையான அலகு, பிளந்த வால், மிகக் குட்டையான கால்கள். ஓர் இறக்கை சுளுக்கித் தொங்கியது.

கடற்கரைக்காரர்கள் அதை ஆலா என்பார்கள். அந்தக் காட்டில் அதற்குப் பெயர் இல்லை. பெயர் இல்லை என்பதுதான் தொல்லையாகிவிட்டது.

ஆலா தத்தித் தத்திச் சுனைப் பக்கம் போயிற்று. காவலுக்கு நின்ற காட்டுப்பன்றி மூக்கால் அதை மெதுவாகத் தள்ளிவிட்டது.

"உன் பெயர் வரட்டும் அம்மா."

"எப்போது வரும்?"

"ஆதியில் வந்திருக்க வேண்டும்."

மாலையில் எல்லா விலங்குகளும் கூடிவிட்டன. உடும்பு ஆலாவை ஒரு முறை சுற்றி வந்தது.

"இது உயிரோடு இல்லை" என்றது.

"மூச்சு விடுகிறதே, ஐயா" என்றது ஒரு முயல்.

"களிறு அழைத்தவைதாம் உயிர்கள். இதைக் களிறு அழைக்கவில்லை. பிறகு எப்படி உயிரோடு இருக்கும்?"

"தண்ணீர்" என்றது ஆலா.

உடும்பு முகத்தைத் திருப்பிக்கொண்டது. "செத்தவை பேசுவதைக் கேட்டுக்கொண்டு நிற்பது நல்ல பழக்கம் இல்லை. முயல்கள் வீட்டுக்குப் போகலாம்."

ஒன்றும் போகவில்லை. மலைக்கு அப்பாலிருந்து வந்த ஒன்றைப் பார்ப்பது தினமும் நடக்கிற காரியமா?

முள்ளம்பன்றிக்குத் தலைகால் புரியவில்லை. இந்த நாளுக்காகவே அது பல கோடைகளாக ஒரு சொற்பொழிவை மனப்பாடம் செய்து வைத்திருந்தது. "முடிந்தது" என்று அது முட்களைச் சிலிர்த்துக்கொண்டு தொடங்கியது. "பனிக்கு அப்பாலும் உயிர் இருக்கிறது. உங்கள் அழைப்பில் அதற்குப் பெயர் இல்லை. இனி மேல்கரையும் இல்லை, கீழ்கரையும் இல்லை. உங்களை நினைத்தால் எனக்குப் பாவமாக இருக்கிறது. என் கொள்கைக்கு மட்டும் ஒரு கீறலும் விழாது."

"எங்களுக்கு என்ன?" என்றது கடமான். "எங்கள் நம்பிக்கை ஆழமானது. நூறு பறவை விழுந்தாலும் அசையாது. மேல்கரைக்காரர்களை நினைத்தால்தான் மனசு கேட்கவில்லை. இந்த அதிர்ச்சியை எப்படித் தாங்கப் போகிறார்களோ."

உடும்பு பெருமூச்சு விட்டது. "நாங்கள் தாங்குவோம். கீழ்கரைப் பிள்ளைகள் இன்று ராத்திரி தூங்குவார்களா என்பதுதான் என் கவலை."

இப்படி ஒருவருக்காக ஒருவர் வெகுநேரம் வருத்தப்பட்டார்கள். அவ்வளவு இரக்கம் அந்தக் காட்டில் அதற்கு முன் பெருகியதே இல்லை. ஆலாவுக்கு மட்டும் அதில் ஒரு சொட்டும் கிடைக்கவில்லை.

கடைசியில் உடும்பு தீர்ப்புச் சொன்னது. "பௌர்ணமி மாலையில் சபை கூடட்டும். இந்தப் பறவை தன் உலகத்தைப் பற்றிச் சாட்சி சொல்லட்டும். சாட்சி வேதத்துக்குப் பொருந்தினால் இதன் பெயரையும் அழைப்பில் சேர்க்கலாம். பொருந்தாவிட்டால் வெயிலில் விட்டுவிடலாம்."

"அதுவரை தண்ணீர்?" என்றது ஆலா.

"பெயர் இல்லாததற்குத் தண்ணீர் கொடுக்க முடியாதே அம்மா" என்று உடும்பு கனிவாகச் சொன்னது.

ஆலா ஒரு புதருக்கடியில் ஒதுங்கியது. பசிக்கு வெட்டுக்கிளிகள் கிடைத்தன. தாகத்துக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. மறுநாள் விடிவதற்குள் நாக்கு அலகோடு ஒட்டிக்கொண்டது.

பொழுது புலரும் நேரத்தில் புதரருகே சரசரப்புக் கேட்டது. உடும்பு நின்றது.

"அம்மா, தனியாக ஒரு வார்த்தை. உங்கள் நாட்டில் ஆதிக் களிறு தும்பிக்கையைத் தூக்கிக்கொண்டு பிளிறியதாகத்தானே சொல்கிறார்கள்?"

"எது களிறு?"

"பாறை போன்ற உடம்பு. தேக்கிலை போன்ற காது. மலைப்பாம்பு போன்ற மூக்கு."

"ஓ, அதுவா? நான் பார்த்திருக்கிறேனே. எங்கள் கழிமுகத்துக்கு..."

உடும்பின் நகங்கள் மண்ணில் ஆழமாக இறங்குவதை ஆலா பார்த்தது. உடனே பேச்சை நிறுத்திக்கொண்டது.

"பார்த்தாயா? தும்பிக்கை? மேலேதானே?"

"தொண்டை வறண்டு கிடக்கிறது ஐயா" என்றது ஆலா. "நனைந்தால் நினைவு வரும்."

உடும்பு இரண்டு பக்கமும் பார்த்தது. பிறகு ஓடிப்போய் ஒரு தேக்கிலையில் தண்ணீர் ஏந்தி வந்தது. ஆலா குடித்துவிட்டு, "நல்ல இலை. நினைவு வரத் தொடங்குகிறது. நாளைக்கும் கொண்டு வாருங்கள்" என்றது.

உச்சிவேளையில் கடமான் வந்தது. கழுத்துப் பிடரி மயிரைச் சுனையில் நனைத்துவிட்டு யாரும் பார்க்காதபடி வந்திருந்தது. மயிரிலிருந்து சொட்டிய நீரை ஆலா அண்ணாந்து குடித்தது.

"உன் சிறகு நனையாமல் பார்த்துக்கொள் தாயே. தும்பிக்கை கீழேதானே?" என்றது கடமான்.

"பெரியவரே, இவ்வளவு பெரிய கேள்விக்கு இவ்வளவு சின்ன வாயால் அவசரப்பட்டுப் பதில் சொல்லலாமா?"

"அதுவும் சரிதான்" என்று கடமான் மரியாதையோடு போயிற்று.

வெயில் தாழ்ந்ததும் முள்ளம்பன்றி வந்தது. அதன் வாலிலிருந்து உதிரும் முள் உள்ளே குழலாக இருக்கும். அதில் தண்ணீர் நிரப்பி வாயில் கவ்விக்கொண்டு வந்திருந்தது.

"சட்டத்தை மீறுகிறேன் என்று நினைக்காதே. சட்டத்தை நான் நம்புவதே இல்லை" என்றது.

"பிறகு ஏன் ஒளிந்து வந்தாய்?"

"நம்புகிறவர்கள் பார்த்துவிடுவார்களே." அது குரலைத் தாழ்த்தியது. "சபையில் ஒரே ஒரு வார்த்தை சொன்னால் போதும். களிறு என்ற ஒன்றை நீ கண்டதும் இல்லை, கேட்டதும் இல்லை. சரியா?"

ஆலா தண்ணீரை உறிஞ்சியது. "ஒரு முள் அளவு குடித்தால் ஒரு முள் அளவுதான் நினைவு வருகிறது" என்றது. முள்ளம்பன்றி இன்னொரு முறை போய்வந்தது.

தினமும் இப்படியே நடந்தது. காலையில் தேக்கிலை, மதியம் பிடரி மயிர், மாலையில் முள். சுனையில் பெயருள்ளவைகூட அவ்வளவு குடிக்கவில்லை. மூவரும் மாலையில் சந்திக்கும்போது, "பாவம், அந்தப் பறவை தண்ணீரில்லாமல் எப்படித்தான் இருக்கிறதோ" என்று பேசிக்கொண்டார்கள்.

ஒரு நாள் முயல் ஒன்று பயந்து பயந்து புதரை எட்டிப் பார்த்தது. அதன் கையில் தண்ணீர் இல்லை. கேள்வி மட்டும் இருந்தது.

"அக்கா, உங்கள் ஊரில் எங்களைப் பற்றி என்ன சொல்வார்கள்?"

"ஒன்றும் சொல்ல மாட்டார்கள். உப்பில்லாத நீரில் உயிர் முளைக்காது என்பது எங்கள் பெரியவர்கள் வாக்கு. அதன்படி நீங்கள் யாரும் இல்லை."

முயல் தன் காதைத் தொட்டுப் பார்த்துக்கொண்டது. "எங்களைப் பார்த்ததும் உனக்குக் கஷ்டமாக இல்லையா?"

"கொஞ்சம் திக்கென்றுதான் இருந்தது. ஆனால் தாகம் அதைவிடப் பெரிதாக இருந்தது. நீங்கள் இருப்பதாகவே வைத்துக்கொண்டேன்."

பௌர்ணமி நெருங்க நெருங்க இறக்கை தேறிவந்தது. ஆனால் ஒரு குறை. ஆலாவின் கால்கள் குட்டை. முழுதும் தேறாத இறக்கையோடு தரையிலிருந்து எழும்ப அதனால் முடியவில்லை. ஏதாவது உயரத்திலிருந்து காற்றில் விழுந்தால் பறந்துவிடலாம். காட்டில் வெட்டவெளியாக இருந்த உயரம் ஒன்றே ஒன்றுதான். அது உடும்பு நிற்கும் சுனைப் பாறை.

மூவருக்கும் ஆளுக்கொரு நம்பிக்கையைக் கொடுத்தாகிவிட்டது. யாருக்குச் சாதகமாகச் சொன்னாலும் மற்ற இருவரும் கடித்துக் குதறிவிடுவார்கள். பௌர்ணமியன்று பகல் முழுவதும் ஆலா யோசித்தது. பொய் சொல்ல வேண்டுமானால் மூவரில் ஒருவரைத் தேர்ந்தெடுத்தாக வேண்டும். உண்மை சொல்ல யாரையும் தேர்ந்தெடுக்க வேண்டியதில்லை. ஓட மட்டும் தெரிந்திருக்க வேண்டும்.

சபை கூடியது. சூரியன் மலைக்குப் பின்னால் இறங்கிக்கொண்டிருந்தது. உடும்பும் கடமானும் முள்ளம்பன்றியும் ஆலாவைப் பார்த்துத் தனித்தனியாகக் கண் சிமிட்டினார்கள்.

"சொல்லலாம் அம்மா" என்றது உடும்பு.

"சொல்கிறேன் ஐயா. ஆனால் இவ்வளவு பெரிய சாட்சியைத் தரையில் கிடந்துகொண்டா சொல்வது? கொஞ்சம் மேலே நின்று சொன்னால் அல்லவா பொருத்தமாக இருக்கும்?"

உடும்பின் முகம் மலர்ந்தது. கூட்டத்தைப் பார்த்து, "மேலே என்றாளே, கவனித்தீர்களா?" என்றது. மேல்கரை ஆரவாரம் செய்தது. காட்டுப்பன்றி ஆலாவை முதுகில் ஏற்றிப் பாறை உச்சியில் இறக்கிவிட்டது.

ஆலா இறக்கையை ஒருமுறை விரித்துப் பார்த்துக்கொண்டது. காற்று நன்றாக இருந்தது.

"நான் களிற்றைப் பார்த்திருக்கிறேன்" என்றது.

முள்ளம்பன்றியின் முட்கள் எல்லாம் ஒரே நேரத்தில் படிந்துபோயின. "பார்த்தாயா?"

"பலமுறை. எங்கள் கழிமுகத்துக்குக் குளிக்க வரும். அது குளிக்கும்போது மீன்கள் கலைந்து ஓடும். எங்களுக்குப் பிடிக்க வசதி."

"தும்பிக்கை?" என்று இரண்டு கரையிலிருந்தும் ஒரே குரல் எழுந்தது.

"தூக்கும். இறக்கும். பக்கத்தில் ஒருவன் குச்சியோடு நிற்பான். தூக்கு என்று தட்டினால் தூக்கும். இறக்கு என்று தட்டினால் இறக்கும். பிளிறு என்றால் பிளிறும். சரியாகச் செய்தால் ஒரு வாழைப்பழம் கிடைக்கும்."

தவளைகள்கூட வாயை மூடிக்கொண்டன.

"அந்த ஒருவன்... களிற்றைவிடப் பெரியவனா?" என்று கடமான் மெல்லக் கேட்டது.

"அதன் கால் பருமன்கூட இல்லை. இரண்டு காலில் நடப்பவன்."

"இரண்டு காலா?" என்று பின்வரிசையில் இருந்த காட்டுச்சேவல் கழுத்தை நீட்டியது.

"சேவல் இல்லை" என்றது ஆலா.

"இரண்டு கால் என்றால் போதும், மற்றதை நான் பார்த்துக்கொள்கிறேன்" என்றது காட்டுச்சேவல்.

"இவ்வளவு பெரிய களிறு அவன் சொன்னபடி ஏன் கேட்க வேண்டும்?" என்று முயல் கேட்டது.

"காலில் சங்கிலி இருக்கிறதே."

அந்தக் காட்டின் சரித்திரத்தில் முதன்முறையாக மேல்கரையும் கீழ்கரையும் முள்ளம்பன்றியும் ஒரே கருத்துக்கு வந்தன. "பிடியுங்கள் அதை" என்றன மூன்றும்.

ஆலா பாறையிலிருந்து காற்றில் விழுந்தது. கடமானின் கொம்புக்கு ஒரு சாண் மேலே இறக்கை விரிந்தது. உடும்பு தாவிப் பிடித்ததில் ஒரு வால் இறகு மட்டும் சிக்கியது. சுனையைத் தாண்டும்போது ஆலா தாழ்ந்து, அலகு நிறையத் தண்ணீர் மொண்டுகொண்டது. அழைப்பு இல்லாமல் அந்தச் சுனையில் குடித்த முதல் உயிர் அதுதான். பிறகு மூடுபனிக்குள் போய் மறைந்தது.

இனி இந்தக் காட்டில் நம்பிக்கை என்ன ஆகும் என்று நீங்கள் கேட்பீர்கள். காட்டிலும் அன்று அதையேதான் கேட்டார்கள். முயல்கள் அழுதன. காட்டுப்பன்றி காவலை விட்டுவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டது. அழைப்பு நின்றுவிட்டால் எந்த வரிசையில் குடிப்பது என்று தெரியாமல் தாகத்தோடு பலவும் வீடு திரும்பின.

மறுநாள் மாலை உடும்பு வழக்கம்போலப் பாறையில் ஏறியது.

"தும்பிக்கையைத் தூக்கும் என்று மலைக்கு அப்பாலிருந்து வந்த பறவையே சொல்லிவிட்டது. நம் கரை வென்றது" என்றது. ஆலாவின் வால் இறகைப் பாறையில் செருகி வைத்தது. இனி அதற்கும் ஒரு முட்டை வைக்க வேண்டும் என்றது.

கடமான் தலையைத் தாழ்த்தியது. "இறக்கும் என்று அதே பறவை சொன்னதை நம் கரை மறக்காது" என்றது.

முள்ளம்பன்றி புதரிலிருந்து தலையை நீட்டியது. "பெயரே இல்லாத ஒரு பறவை. அதன் பேச்சை எடுத்துக்கொண்டு களிறு உண்டு என்று நம்ப நான் என்ன பைத்தியமா?"

"பெயர் இல்லாதது செல்லாது என்பது எங்கள் சட்டமாயிற்றே" என்றது உடும்பு.

"சில சட்டங்களில் நியாயம் இருக்கிறது" என்றது முள்ளம்பன்றி.

காட்டுச்சேவல் மட்டும் புதிதாக ஒன்று செய்தது. சுனையின் பக்கவாட்டில் ஒரு கல்லின்மேல் ஏறி, களிறு யாருக்குக் கட்டுப்பட்டதோ அந்த இரண்டு கால் ஆசாமியின் வம்சம் தான்தான் என்று கூவியது. களிறே சங்கிலி அணிந்திருக்கும்போது மற்ற உயிர்கள் வெறுங்காலோடு திரிவது அபசாரம் என்றது. முதலில் சிரித்தவை எல்லாம் பிறகு ஒவ்வொன்றாகக் கொடியை அறுத்துக் காலில் கட்டிக்கொண்டன. முயல்கள்தாம் முதலில் கட்டிக்கொண்டன. சுனைக்கு நடுக்கரை என்று மூன்றாவது கரை ஒன்று உண்டாயிற்று. அடுத்த கோடைக்குள் காட்டில் பாதி நொண்டியது.

நடுக்கரையிலும் சீக்கிரமே தகராறு வந்தது. அதற்குள் அடுத்த புயலும் வந்துவிட்டது.

விடிந்து பார்த்தபோது சுனைக்குச் சற்றுத் தள்ளி ஒரு சின்னக் கடற்கரைப் பறவை கிடந்தது. மண்ணிறம். ஆலாவில் பாதிகூட இராது. எழுந்து நிற்கவும் அதற்குத் தெம்பு இல்லை. எல்லா விலங்குகளும் ஓடியும் நொண்டியும் வந்து சேர்ந்தன. அது உயிரோடு இருக்கிறதா என்று இந்த முறை யாரும் கேட்கவில்லை. மலைக்கு அப்பாலும் உயிர் உண்டு என்பது இப்போது எல்லாக் கரைக்கும் தெரியும். எங்கள் வேதத்தில் அது முதலிலிருந்தே இருந்தது என்று மூன்று கரையும் சொல்லிக்கொண்டிருந்தன.

"தண்ணீர்" என்றது பறவை.

"இதோ அக்கா, இப்போதே" என்று முயல் தேக்கிலையில் தண்ணீரை ஏந்தியபடி அன்போடு குனிந்தது. "அதற்கு முன்னால் ஒரே ஒரு கேள்வி. சங்கிலி இடது காலிலா, வலது காலிலா?"

நீதி: எத்தனை புதிய உண்மைகள் வந்தாலும் நம்பிக்கைக்கு ஆபத்தில்லை, தாகத்தோடு வருபவர்க்கே ஆபத்து.